நடுமேடை: கல்லைக் கடைசியில் வாங்குங்கள்

கேட்டது இது: மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில் தரைத்தள வீடு, பூச்சு வேலை முடிந்து தரை போடும் நிலை. சமையலறை 15க்கு 13 அடி, ஹால் பக்கம் சுவர் இல்லாமல் திறப்பு. மற்ற இரண்டு சுவரை ஒட்டி ‘எல்’ வடிவ மேடை. நடுவில் 8க்கு 4 அடியில் கல் ஐலேண்டு, அதாவது நடுமேடை, போட்டு, வாசலில் நுழைந்ததுமே கண்ணில் படும்படி வீட்டின் முகமாக அதை வைக்க ஆசை. எந்தக் கல் நல்லது, அடுப்பை அதில் வைக்கலாமா, பாட்டி காலத்து அம்மியை அதிலேயே பதிக்க முடியுமா?

எந்தக் கல் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. நடுமேடை கெட்டுப்போன வீடுகளில் பெரும்பாலும் கல் கெடுவதில்லை. கல்லுக்குக் கீழே இருப்பது இறங்கும், அல்லது நனையும், அல்லது கல்லைத் தாங்க வேண்டிய இடத்தில் தாங்காது. மதுரை யானைமலைக் குடைவரையில் கி.பி. 770இல் வெட்டிய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. கல்லின் ஆயுளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

முதலில் அளவு. 8க்கு 4 உங்கள் அறைக்கு ஒத்துவராது. 15 அடி நீளத்தில் பக்கச் சுவர் மேடைக்கு 2 அடி போகும். அதற்கும் நடுமேடைக்கும் இடையில் நடக்க மூன்றரை அடி வேண்டும். 8 அடிக் கல் வைத்தால் மறுமுனையில் மிஞ்சுவது ஒன்றரை அடி. அதில் ஆள் நுழைய முடியாது, பூனைதான் போகும். 6 அடியாகக் குறைத்தால் அந்தப் பக்கமும் மூன்றரை அடி கிடைக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் முதுகோடு முதுகாக நின்று சமைக்க மூன்றரை அடிதான் குறைந்தபட்சம். ஃபிரிட்ஜ் கதவும் கீழ் டிராயரும் எதிரெதிரே திறக்கும் இடத்தில் 4 அடி இருந்தால் நல்லது. அகலத்திலும் 4 அடி வேண்டாம். நின்ற இடத்திலிருந்து கை சிரமமில்லாமல் எட்டுவது 2 அடி, சற்றுக் கூடுதலாகப் போகலாம். நான்கடி அகல மேடையில் நடுப்பகுதியைத் துடைக்க ஒவ்வொரு முறையும் சுற்றிவர வேண்டும். அகலம் 3 அடி போதும்: 2 அடி கீழ் அலமாரி, 1 அடி ஹால் பக்கம் நீட்டிய கல். அந்த நீட்டலுக்கு அடியில் கால் வைத்து உட்காரலாம். ஒரு ஆளுக்கு 2 அடி என்ற கணக்கில் இரண்டு பேர் தாராளமாக, மூன்று பேர் நெருக்கி உட்காரலாம்.

இதைக் காகிதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேலை நடக்கிற இடத்தில் செங்கல் கிடக்கும். கோலப்பொடியால் 6க்கு 3 கோடு போட்டு, அதன் மேல் காரை வைக்காமல் செங்கலை அடுக்கி, உயரத்தையும் கொண்டுவந்து, வீட்டில் அதிகம் சமைப்பவர் இரண்டு நாள் சுற்றி நடந்து பார்க்கட்டும். உயரத்துக்குக் கணக்கு எளிது: நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை வரும் உயரம், அதில் 4 முதல் 5 இஞ்ச் கழித்தால் காய் நறுக்கும் உயரம். ஐந்தடி இரண்டு இஞ்ச் உயரமுள்ளவருக்கு 34 இஞ்ச் சரியாக வரும். கடைப் பட்டியலில் வரும் 36 இஞ்ச் வெளிநாட்டு அளவு. நம் வீட்டுப் பெண்கள் பலருக்குத் தோள்பட்டை வலிக்கும். ஸ்டூலின் இருக்கை மேடைக்கு 10 முதல் 12 இஞ்ச் கீழே இருக்க வேண்டும். 34 இஞ்ச் மேடைக்கு 23 இஞ்ச் ஸ்டூல். கடையில் தயாராகக் கிடைக்கும் ‘பார் ஸ்டூல்’ 30 இஞ்ச் இருக்கும், முட்டி இடிக்கும்.

அடுப்பை நடுவில் வைக்க வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும், தாளிக்கிற வீட்டுக்கு அது ஆகாது. கடுகு வெடிக்கும் எண்ணெயிலிருந்து ஓரடி தள்ளி பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். புகை நேராக ஹாலுக்குப் போகும். அதை இழுக்கச் சீலிங்கிலிருந்து தொங்கும் சிம்னி போட்டால், எந்தப் பார்வைக்காகச் சுவரை எடுத்தீர்களோ அதையே அது மறைக்கும். மதுரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் அந்த அறையில் நிற்க முடியாது. மின்விசிறிக்குக் கீழே கேஸ் அடுப்பு நிதானமாக எரியாது. சிலிண்டர் சங்கதி தனி. ரப்பர் ஹோஸ் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, தரைக்கு அடியிலோ சுவருக்குள்ளோ கொண்டுபோகவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மூடிய அலமாரியின் அடியில் தேங்கி நிற்கும். சிலிண்டரை நடுமேடைக்குள் பூட்டிவைப்பது வினையை விலைக்கு வாங்குவது. அடுப்பு சுவர் மேடையிலேயே இருக்கட்டும். அக்னி மூலை, கிழக்குப் பார்த்த அடுப்பு என்று பெரியவர்கள் கேட்பதும் அதோடு தீரும். நடுமேடையில் அவசரத்துக்கு ஓர் இண்டக்ஷன் வைக்க ஒரு 16 ஆம்பியர் பிளக் போதும்.

இப்போது உங்கள் ஊருக்கே உரிய சிக்கல்: கரிசல் மண். திருமங்கலம் பக்கம் பெரும்பாலும் அதுதான். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுவர்கள் அஸ்திவாரத்தில் நிற்பதால் தப்பிக்கும். நடுமேடை நிற்பது வெறும் தரையில். தரை கால் இஞ்ச் ஏறி இறங்கினாலே கல்லின் மூலை இணைப்பு விட்டுப்போகும். தரை இன்னும் போடாத நிலையில் கேட்டது உங்கள் அதிர்ஷ்டம். நடுமேடை வரும் இடத்தில் சுற்றிலும் ஓரடி கூடுதலாக, அதாவது 8க்கு 5 அடிக்கு, கீழே கரிசல் இருந்தால் 2 அடி ஆழம் தோண்டி எடுத்துவிடுங்கள். கிராவல் கொட்டி, 6 இஞ்ச் கனத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து இறுக்குங்கள். மொத்தத்தையும் கொட்டிவிட்டு மேலே மட்டும் இடித்தால் அடி இறுகாது. ஒரு மழைக்காலம் கழித்து இறங்கும். அதன் மேல் 8 மி.மீ. கம்பியை 6 இஞ்சுக்கு ஒன்றாகப் பின்னி, 4 இஞ்ச் கான்கிரீட். மற்ற தரைக்கும் இதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விடுங்கள், ஒன்று அசைந்தால் மற்றதை இழுக்காது.

கான்கிரீட்டுக்கு முன்பே குழாய்கள் உள்ளே போய்விட வேண்டும். மின்சாரத்துக்கு 25 மி.மீ. பைப் இரண்டு போடுங்கள்: ஒன்றில் மிக்ஸி, கிரைண்டருக்கான சாதாரண லைன், மற்றொன்றில் 16 ஆம்பியருக்குத் தனி லைன். மூன்றாவது ஒரு பைப்பை வெறுமனே, உள்ளே இழுப்புக் கம்பியோடு போட்டுவையுங்கள். பின்னால் எது தேவைப்பட்டாலும் தரையை உடைக்க வேண்டாம். பிளக்குகள் மேடையின் மேற்பரப்பில் வேண்டாம், மாவு கழுவும் தண்ணீர் அங்கேதான் ஓடும். அலமாரியின் பக்கவாட்டில், கல்லுக்கு 4 இஞ்ச் கீழே வையுங்கள்.

சிங்க் வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள். கழிவுநீர்ப் பைப்புக்கு 40க்கு 1 வாட்டம் என்றால் 10 அடி தூரத்தில் 3 இஞ்ச் இறக்கம். பைப்பின் கனத்தையும் சேர்த்தால் தரைக்கடியில் அரையடிக்கு மேல் தேவை. உங்களுக்குத் தரைத்தளம் என்பதால் முடியும். மாடியில் கேட்பவர்களுக்கு வேண்டாம் என்பதே பதில். வாட்டம் போதாமல் போட்ட சிங்க் பைப்பில் அரிசி களைந்த நீரும் மாவும் படிந்து ஆறே மாதத்தில் நாற்றம் கிளம்பும். சுவர் மேடையில் ஏற்கெனவே நல்ல சிங்க் இருந்தால் நடுமேடையைத் துளையில்லாமல் விடுங்கள். ஆறடி ஒரே கல் துளையில்லாமல் கிடப்பதே ஓர் அழகு.

அடித்தளத்துக்கு நம் பக்கத்து வழக்கம் செங்கல், கடப்பாக் கல். தரைத்தளத்துக்கு அது சரிதான், கரையான் அண்டாது. ஆனால் கனத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. 6க்கு 3 மேல்பலகை 90 கிலோ. பக்கத்தில் தரைவரை இறங்கும் கல் ஒன்றுக்கு 40 கிலோ. நாலரை இஞ்ச் செங்கல் சுவர் பின்பக்கம் ஆறடி, குறுக்கே மூன்று இரண்டடி என்று கட்டினால் அதுவே 600 கிலோவைத் தாண்டும். கடப்பாத் தட்டுகள், பாத்திரங்களோடு கிட்டத்தட்ட ஒரு டன், ஒரு சதுர மீட்டரை ஒட்டிய இடத்தில். வீட்டுத் தளத்துக்குப் பொறியாளர்கள் எடுக்கும் உபயோகச் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். உங்களுக்கு எழுதும் இந்தப் பதிலைப் படித்துவிட்டு மாடியில் இதையே செய்யக் கிளம்புகிறவர்கள் செங்கலை மறந்துவிட்டு, ஒன்றரை இஞ்ச் சதுர ஜிஐ பைப்பில் சட்டம் வெல்டு செய்து, அதன் மேல் 18 மி.மீ. கனத்தில் தண்ணீர் தாங்கும் 710 கிரேடு பிளைவுட் போட்டு, அதில் கல்லை ஒட்ட வேண்டும். கனம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும்.

இனி கல்.

மார்பிள் வேண்டாம். இத்தாலியோ மக்ரானாவோ, எல்லாம் சுண்ணாம்புக் குடும்பம். புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் சில நிமிடத்தில் பளபளப்பு போய் மங்கலாகத் தடம் விழும். அது கறையில்லை, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது. துடைத்தால் போகாது, மறுபடி பாலிஷ் போட வேண்டும். புளிக்கரைசல் இல்லாத நாளே இல்லாத வீட்டில் இது தினசரித் தலைவலி. கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான், கருப்பாக இருப்பதால் கிரானைட் என்று நினைத்து மேல்பலகையாகப் போட்டுவிடுகிறார்கள். புளி பட்ட இடமெல்லாம் வெளுக்கும். குவார்ட்ஸ் என்று விற்பது கல்தூளும் பிசினும் சேர்த்து அழுத்திய பலகை. கறை ஏறாது என்பது உண்மை. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பானையை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தடம் நிற்கும். அதை அறுக்கும்போது வரும் சிலிக்காத் தூசு தொழிலாளியின் நுரையீரலைக் கெடுக்கிறது என்று ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வைத்து உலர் மெஷின் ஓட்ட விடாதீர்கள்.

ஆக, கிரானைட். நம் மாவட்டத்துக் கல்லே வேண்டும் என்றால் கடையில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று கேளுங்கள். காஷ்மீருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மேலூர்ப் பக்கம் எடுத்த கல் அது. வெள்ளையில் சாம்பல் ஓடி, நடுநடுவே மாதுளை முத்து மாதிரி செந்நிறப் புள்ளிகள். அந்தப் புள்ளி கார்னெட் என்னும் கனிமம், அதில் இரும்பு உண்டு. வெளிச்சம் பட்டால் ஹாலிலிருந்து பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். குறை, தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும், ஆசிட் பட்டால் புள்ளியைச் சுற்றித் துரு மஞ்சள் ஏறும். 2012இல் முறைகேட்டுப் புகார்கள் வெடித்து மேலூர் வட்டாரக் குவாரிகள் மூடப்பட்ட பிறகு, பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது; பலகையைப் பார்த்து வாங்குங்கள். பராமரிக்க நேரமில்லை என்கிறவர்கள் கருங்கல்லுக்குப் போய்விடலாம். விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கருப்பு இறுக்கமான கல், உறிஞ்சுவது மிகக் குறைவு. ஆனால் உப்புத் தண்ணீர்த் தடம் அதில்தான் பளிச்சென்று தெரியும். பளபளப்பில்லாமல் தோல் மாதிரி மேடுபள்ளமாக விடும் லெதர் ஃபினிஷ் எடுத்தால் கைரேகை மறையும், ஆனால் பள்ளங்களில் கோதுமை மாவு போய் உட்காரும்.

யார்டில் செய்ய வேண்டிய சோதனைகள் அதிக நேரம் பிடிக்காது. பலகையை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேற்பரப்பு காயும்போது கடைசிவரை ஈரமாக நிற்கும் மெல்லிய கோடு எதுவோ அதுதான் விரிசல். நாணயத்தால் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் டப்பென்று அமுங்கினால் அங்கே உள்வெடிப்பு. கனத்தை நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். 18 மி.மீ. என்று சொல்லி ஒரு முனை 15 இருக்கும், அங்கே அடியில் காரை வைத்து மட்டம் பார்ப்பார்கள், கல் பலவீனமாகும். வெளிர் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். இடம் கருத்திருந்தால், உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சான சீலர் கட்டாயம். கருங்கல் என்றால் பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். பஞ்சு கருத்தால் அது சாயம் ஏற்றிய சாம்பல் கல்.

அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சின்ன மெஷினில் அறுத்து மலிவாகக் கிடைக்கும் கட்டர் பலகைகள் இரண்டு, இரண்டரை அடி அகலம்தான் இருக்கும். மூன்றடி மேடைக்கு நடுவில் ஒட்டு வரும். கேங்சா என்னும் பெரிய மெஷினில் அறுத்த பலகை கேளுங்கள், 9க்கு 5, 9க்கு 6 அளவில் வரும். மேல்பலகை 6 அடி, இரு பக்கமும் தரைவரை இறங்குவது இரண்டே முக்கால் அடி வீதம். மூன்றையும் ஒரே கோட்டில் வெட்ட பதினொன்றரை அடிக்கு மேல் வேண்டும், எந்தப் பலகையும் எட்டாது. அதனால் வாசலிலிருந்து தெரியும் பக்கம் மட்டும் கல் இறங்கட்டும். ஒன்பதடிப் பலகையில் மேலிருந்து கீழே ஓட்டம் அறாமல் வரும். மறுபக்கத்தை மரக்கதவாக விட்டுவிடலாம். கனமும் 40 கிலோ குறையும்.

மேலே இருந்து கீழே மடங்கும் மூலையை 45 டிகிரியில் சேர்ப்பார்கள். இதை யார்டில் பெரிய மெஷினில் வெட்டச் சொல்லுங்கள். வீட்டில் கைமெஷினில் வெட்டினால் கூர்முனை பொரிந்து, அந்தப் பள்ளங்களைக் கலர் எபாக்ஸியால் நிரப்புவார்கள். இரண்டு வருடத்தில் அது மஞ்சளிக்கும். ஒட்டிய பிறகு மூலையைக் கத்தி போல விடாமல் 2 மி.மீ. மழுக்க வேண்டும். எவர்சில்வர் குடம் இடித்தால் முதலில் சில்லு பெயர்வது அங்கேதான். ஓரங்களுக்கு அடியில், விளிம்பிலிருந்து அரை இஞ்ச் உள்ளே ஒரு சின்னக் காடி இழுக்கச் சொல்லுங்கள். கொட்டிய தண்ணீர் அலமாரிக் கதவில் வழியாமல் அங்கேயே சொட்டும்.

ஹால் பக்கம் ஓரடி நீட்டல் சும்மா தொங்கக் கூடாது. 20 மி.மீ. கல்லுக்கு 6 இஞ்சுக்கு மேல் நீட்டினாலே தாங்கல் வேண்டும். 2 இஞ்ச் அகலம், 10 மி.மீ. கனப் பட்டை இரும்பை இரண்டடிக்கு ஒன்றாக, அலமாரியின் முழு அகலத்துக்கும் உள்ளே ஓடவிட்டு, நீட்டலின் விளிம்புக்கு 3 இஞ்ச் முன்னால் நிறுத்துங்கள். பட்டை கீழ்த்தட்டில் பதிந்து அதன் மட்டத்துக்கு இருக்க வேண்டும்; மேலே துருத்தினால் கல் அந்தப் புள்ளியில்தான் முறியும். பிள்ளைகள் அதன் மேல் ஏறி உட்காருவார்கள் என்பதையும் கணக்கில் வைத்தே இந்த அளவு. சிங்க் வைத்தே தீருவேன் என்றால், துளையின் உள்மூலைகளைச் சதுரமாக வெட்ட விடாதீர்கள். குறைந்தது 10 மி.மீ. வளைவு வேண்டும். சதுர மூலையிலிருந்துதான் மயிர்க்கோடு கிளம்பி விளிம்புவரை ஓடும். துளைக்கு முன்னால் மிஞ்சும் பட்டையும் 4 இஞ்சுக்குக் குறையக் கூடாது.

பதிக்கும் நாளில் ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து இடத்தில் காரை உருண்டை வைத்துக் கல்லை அமுக்குவதுதான் வேகமான வழி, அதைத்தான் செய்வார்கள். உருண்டைகளுக்கு நடுவில் வெற்றிடம். அங்கே இடியாப்ப உரலை வைத்து அழுத்தினாலோ தேங்காய் உடைத்தாலோ கல் கீறும். பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் அட்ஹெசிவ் இழுத்துப் பதிக்க வேண்டும். வெளிர் கல்லுக்கு வெள்ளை அட்ஹெசிவ்தான். சாதாரண சிமெண்ட் காரையின் ஈரம் காஷ்மீர் ஒயிட்டில் ஏறி, ஓரமெல்லாம் படச்சட்டம் போட்ட மாதிரி கருத்து நிற்கும். சில சமயம் மாதக்கணக்கில் போகாது. தரைவரை இறங்கும் பக்கக் கல்லை டைல்ஸில் நேராக உட்கார வைக்காமல் 3 மி.மீ. இடைவெளி விட்டு நியூட்ரல் சிலிக்கான் போடுங்கள். தரை துடைக்கும் தண்ணீரைக் கல் உறிஞ்சி ஏறாமல் இருக்க இதுதான் வழி. வினிகர் வாடை வரும் சிலிக்கான் வேண்டாம்.

பிறகு டைல்ஸ்காரர்கள் கடைசியில் செய்யும் ஆசிட் வாஷ். அதற்கு முன் மேடையை முழுக்கப் பிளாஸ்டிக் போட்டு மூடி, ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். இந்த ஒரு நாளில் கெட்ட கற்கள் அதிகம்.

சீலர் உடனே அடிக்கக் கூடாது. கல் மூன்று வாரம் காயட்டும். உள்ளே ஊறும் வகை சீலர் இரண்டு கோட். பத்து நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிசுக்காகக் காய்ந்துவிடும். வருடம் ஒருமுறை அதே தண்ணீர்ச் சொட்டுச் சோதனை செய்து, கருத்தால் மறுபடி அடியுங்கள். மஞ்சள் கறை விழுந்தால் பதறிச் சோப்பு போடாதீர்கள், குங்குமமாகச் சிவக்கும். சோப்பின் காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான். ஆப்பச்சோடாவை மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்துக் கறை மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டுச் சுரண்டி எடுங்கள். இது வெளிர் கல்லுக்கு மட்டும். சூடான பாத்திரத்தைக் கிரானைட் தாங்கும், மூலை இணைப்பில் இருக்கும் எபாக்ஸி தாங்காது. ஒரு பிரிமனை போட்டு வையுங்கள்.

மேலே தொங்கும் விளக்குகளின் அடிப்பகுதி மேடையிலிருந்து 30 இஞ்சாவது உயரத்தில் இருக்கட்டும். மின்விசிறியின் இறக்கைக்கு மேலே எந்த விளக்கும் வரக்கூடாது. நிழல் வெட்டி வெட்டி விழும், காய் நறுக்குகிறவருக்குத் தலை சுற்றும்.

அம்மிக்கு வருவோம். பதிக்க வேண்டாம், ஆனால் வைக்கலாம். அம்மி தேய்ந்தால் கொத்த வேண்டும். கிரானைட்டுக்குள் இறுக்கிப் பதித்த அம்மியை அங்கேயே உளியால் கொத்தினால் அந்த அதிர்வு துளையின் மூலைகளுக்குப் போகும். வெளியே எடுத்துக் கொத்த முடிகிற மாதிரி இருக்க வேண்டும். உயரமும் வேறு: அரைப்பவர் உடல் எடையைக் குழவி மேல் சாய்க்க வேண்டும், 34 இஞ்சில் அது முடியாது. மரக்கதவு வரும் அந்த முனையில், 6 அடி அளவுக்குள்ளேயே இரண்டடியை ஒதுக்கி, நாலு பக்கமும் செங்கல் கட்டி அம்மியின் மேற்பரப்பு 28 இஞ்சில் நிற்கும்படி ஒரு படி இறக்கித் திண்டு போடுங்கள். மேல்பலகை அப்போது நாலடிதான், ஸ்டூலும் இரண்டுதான். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும். அம்மிக்கு அடியில் ஒட்டுக்காரை எதுவும் வேண்டாம், ஓர் இஞ்ச் மணல் பரப்பி உட்கார வையுங்கள். சுற்றிலும் ஒரு விரல் அகலக் காடி விட்டு ஒரு மூலையில் சின்ன வாட்டம் கொடுத்தால், அரைத்துக் கழுவிய தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்துக் குழம்பிலேயே ஊற்றிவிடலாம்.